ரெண்டு மைலுக்கு அப்பால சுடப் போற பேராண்டிக்கு

பேராண்டி, நீ துப்பாக்கி வாங்கப் போறேன்னு உங்கப்பன் வந்து என்கிட்ட மூக்கைச் சிந்திட்டுப் போனான். எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம வம்சத்துல இதுவரைக்கும் எவனும் ரெண்டு மைலுக்கு அப்பால இருக்கிற எதைப் பத்தியும் கவலைப்பட்டதே இல்ல. அஞ்சடி தள்ளியிருக்கிற குப்பைத்தொட்டியைக் குறிபார்த்து நீ வீசின தயிர் டப்பா வாசல்ல கிடந்து எறும்பு மொய்க்குது. அது கிடக்கட்டும். பெரிய குறி வைக்கிறவனுக்குக் கிட்டத்துல இருக்கிறது கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்.

பசியாறிட்டியா? உட்காரு. ஒட்டுக்கடையில தேத்தண்ணி சொல்லியிருக்கேன். காசு நான் குடுத்துக்கிறேன். நீ துப்பாக்கிக்குச் சேர்த்து வை.

நீ கைப்பேசியில காட்டின படத்தை நானும் பார்த்தேன். அமெரிக்காவுல வயோமிங் மாநிலம், 2022 செப்டம்பர். ஸ்காட் ஆஸ்டின், ஷெப்பர்ட் ஹம்ஃப்ரீஸ்னு ரெண்டு பேரு ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கிட்டு 4.4 மைல் தள்ளி ஒரு பலகையை நட்டு அடிச்சுட்டாங்க. நம்ம கணக்குக்கு 7 கிலோமீட்டருக்கு மேல. இங்க உம்பாய்த் துறையில இருந்து பெசார் தீவுக்குப் படகுல போறாங்களே, அதை விடத் தூரம். தோட்டா 24 விநாடிக்கு மேல வானத்துலயே இருந்திருக்கு. நீ எழுந்து போயி, தண்ணி மொண்டு குடிச்சுட்டு, திரும்பி வந்து உட்காரலாம்.

எல்லாம் சொன்னே. அது எத்தனாவது வெடின்னு மட்டும் நீ வாயே திறக்கலையே! 69ஆவது வெடி, ராசா. அதுக்கு முன்ன 68 தோட்டா மண்ணுக்குத்தான் போச்சு. குறிக்குக் கிட்டத்துல தனியா ஆளுங்களை உட்கார வச்சு, "இந்தப் பக்கம் விழுந்துச்சு, அந்தப் பக்கம் விழுந்துச்சு"ன்னு சொல்லச் சொல்லி, திருகைத் திருப்பித் திருப்பிச் சுட்டிருக்காங்க. அவங்களை நான் குறை சொல்லல. 68 தடவை தப்பினதை ஒளிக்காம ஊருக்குச் சொன்னவன் யோக்கியன். படத்தை 30 விநாடிக்கு வெட்டி உனக்கு அனுப்புனானே, அவன்தான் கில்லாடி.

போர்க்களத்துக் கதையும் சொன்னே. 2017ல கனடா சிப்பாய் ஒருத்தன் 3,540 மீட்டர்; 2023 நவம்பர்ல உக்ரேன்ல கோவால்ஸ்கின்னு ஒருத்தர் 3,800 மீட்டர். அதெல்லாம் மனுஷ உயிரு, அதை வச்சு நான் நையாண்டி பண்ண மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்க. அந்த உக்ரேன்காரருக்கு அப்ப வயசு 58. நம்ம ஆளுங்க அந்த வயசுக்குள்ள இ.பி.எஃப். பணத்தை எடுத்து, மருமகனுக்குக் கடன் குடுத்து, ஏமாந்தும் முடிச்சிருப்பாங்க. நெடுந்தூரம் சுடுறது வாலிபப் பசங்க வேலைன்னு எவன் உனக்குச் சொன்னான்?

எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறியா? நான் வளர்ந்தது ஆசகான் பக்கம். லேடாங் மலை அடிவாரத்துல பட்டாளத்துச் சுடுகளம் ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல சுங்கை ஊடாங் டெரண்டாக் முகாம்ல பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பட்டாளம் இருந்துச்சு. லாரி லாரியா வந்து இறங்கிச் சுடுவாங்க. பெரட்டுக்கு நிக்கிறப்பவே மலைப்பக்கம் இருந்து சத்தம் வரும். கங்காணி பேரு கூப்பிடுறது காதுல விழாது. விழலைன்னா அன்னிக்குப் பேரு விழாது. எங்களுக்கு அந்தத் துப்பாக்கியால கிடைச்ச ஒரே நஷ்டம் அதுதான். தூரக் குறின்னா என்னான்னு காட்டினது வேற ஆளுங்க. 1967ல புக்கிட் ஆசகான் தோட்டத்து ஜனங்க நியாயம் கேட்டு கோலாலம்பூருக்கு நடந்தே கிளம்பிட்டாங்க. அவங்ககிட்ட தொலைநோக்கி எதுவும் இல்ல.

சரி, உன் விஷயத்துக்கு வரேன்.

தோட்டா நேராப் போகும்னு நினைச்சுக்கிட்டிருக்கே. குழலை விட்டு வெளிய வந்த கணமே அது கீழ விழ ஆரம்பிச்சிடுது. பட்டாளத்துல ரொம்ப நாளா புழங்குற .308 ரகத் தோட்டா 1,000 கெஜம் போய்ச் சேர்றதுக்குள்ள ஏறக்குறைய 10 மீட்டர் இறங்கிடும். மூணு மாடி உயரம். அப்ப எதைப் பார்த்துச் சுடணும்? குறிக்கு மூணு மாடி மேல, ஒண்ணுமில்லாத வானத்தைப் பார்த்து. இதுக்குத்தான் தொலைநோக்கியில திருகு வச்சிருக்கான். தூரத்தை 30 மீட்டர் தப்பா அளந்தேன்னா, தோட்டா அரை மீட்டருக்கு மேல ஏறியோ இறங்கியோ விழும். வயோமிங்காரன் 7 கிலோமீட்டர் அனுப்பினானே, அந்தத் தோட்டா வழியில ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்துக்குப் போயிட்டு வந்திருக்கும். லேடாங் மலையே 1,276 மீட்டர்தான். அவன் பலகையைச் சுடலடா, பாதி மலை உயரத்தைத் தாண்டிக் குதிக்க விட்டிருக்கான்.

இன்னும் கேளு. ரெண்டு தோட்டாவுக்குள்ள இருக்கிற மருந்து கொஞ்சம் கூடக்குறைய இருந்து, வேகம் விநாடிக்கு 10 மீட்டர் மாறிச்சுன்னா, 1,000 கெஜத்துல கால் மீட்டர் வித்தியாசம். அதனால அந்த ஆளுங்க மருந்தைக் குருணை குருணையா நிறுத்து, தோட்டாவைத் தாங்களே அடைக்கிறாங்க. நம்ம வீட்டுல உப்புல இருந்து சிமிண்டு வரைக்கும் எல்லாம் கண்ணளவு. உங்கப்பன் கண்ணளவுல கட்டின கோழிக்கூண்டு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு போய்ப் பாரு.

அப்புறம் கை. குழல் 75 சென்டிமீட்டர் நீளம்னு வச்சுக்க. நீ மூச்சு விடுறப்ப அதோட முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் அசைஞ்சா, 1 கிலோமீட்டர்ல ஒரு மீட்டருக்கு மேல தள்ளிப் போகும். 7 கிலோமீட்டர்ல 9 மீட்டர். அவங்க மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, நெஞ்சு துடிக்கிற இடைவெளியில விசையைத் தொடுறாங்க. நீ கைப்பேசி மணி அடிச்சா தேத்தண்ணியைக் கொட்டுற ஆளு.

இதெல்லாம்கூடப் பழகிடலாம். காத்து இருக்கே, அதுதான் ஆளைக் கவுக்கும்.

சாயங்காலம் பெர்னு பக்கம், உம்பாய் பக்கம் மீன் சுடுற கடைங்களுக்குப் போறியே, ஒரு நாளாவது தட்டை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கியா? வாழை இலையில சம்பலைத் தடவி மீனைக் கரி அடுப்புல போட்டதும் புகை கிளம்பும். கடல்காத்து அதைச் சாலைப் பக்கம் தள்ளும். அதே நேரம் பின்னாடி நிக்கிற தென்னை மட்டை வேற பக்கம் ஆடும். அதுக்கும் அப்பால செம்பனை ஓலை அசையவே அசையாது. ஒரே சாயங்காலம், ஒரே ஊரு, மூணு காத்து. உன் தோட்டா மூணையும் தாண்டிப் போகணும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்துல குறுக்க அடிக்கிற சாதாரணக் காத்து அந்த .308 தோட்டாவை 1,000 கெஜத்துல 2 மீட்டருக்கு மேல ஒதுக்கித் தள்ளிடும். நீ நிக்கிற இடத்துல இருக்கிற காத்தை அளக்கக் கருவி இருக்கு. நடுவழியில இருக்கிற காத்தை எவன் போய் அளப்பான்? புல்லு எப்படிச் சாயுது, தூசி எங்க ஓடுதுன்னு கண்ணால படிக்கணும்.

கானலையும் படிப்பாங்க. வெயில்ல தார்ச் சாலை மேல நெளியுதே, அதேதான். தொலைநோக்கிக்குள்ள அது ஆறா ஓடுறது தெரியும். எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் காத்து. நேரா மேல கொதிச்சா காத்தே இல்லைன்னு அர்த்தம். இல்லேன்னா காத்து உன் முகத்துலயோ முதுகுலயோ நேரா அடிக்குதுன்னு அர்த்தம். ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலையில சுமத்ராக் காத்து மழையோட வந்து கூரையைத் தூக்குதே, அப்ப படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. துணியை எடுத்து உள்ள போடு.

ஈரக் காத்து கனம், அதனால தோட்டா இங்க மெதுவாப் போகும்னு உன் சிநேகிதன் சொன்னானாமே? அவன்கிட்ட சொல்லு: துணி நனைஞ்சா கனக்கும், காத்து நனைஞ்சா லேசாகும். நீராவி, காய்ஞ்ச காத்தை விட எடை குறைஞ்சது. தோட்டாவைத் தடுக்கிறதுல ஈரத்துக்குப் பங்கு ரொம்பக் கொஞ்சம். நம்ம ஊரு கடல் மட்டத்துல இருக்கு பாரு, அதுதான் கஷ்டம். வயோமிங் மேட்டு நிலம், அங்க காத்து மெலிசு. அங்க 7 கிலோமீட்டர் போறது இங்க போகாது. மலாக்காவுல உட்கார்ந்துக்கிட்டு அமெரிக்காக்காரன் அட்டவணையைப் பார்த்துத் திருகுனா தோட்டா முன்னாடியே மூக்கு குத்தும்.

தோட்டா சுழண்டுக்கிட்டே போகுது, பம்பரம் மாதிரி. சுழலுற வரைக்கும்தான் மூக்கு முன்னாடி பார்க்கும். வலப்பக்கம் சுழண்டா கொஞ்சம் கொஞ்சமா வலப்பக்கமே ஒதுங்கும். வேகம் குறைஞ்சு சத்தத்தோட வேகத்துக்கு இறங்குற நேரம்தான் கண்டம். ஓய்ஞ்சு வர்ற பம்பரத்துக்குத் தலை ஆடுமே, அப்படி ஆடும். சிலது சமாளிச்சுக்கும், சிலது எங்கேயோ போகும். .308க்கு அந்தக் கண்டம் 1,000 கெஜம் வாக்குலயே வந்துடுது. அதுக்கு மேல போகத்தான் .416 பாரெட் அது இதுன்னு பெரிய பெரிய தோட்டாவுக்குப் போறாங்க. அதுல ஒரு தோட்டா விலையைக் கேட்டுட்டு நீ கடையில மீன் சாப்பிட உட்கார்ந்தேன்னா, முள்ளைக்கூட மிச்சம் வைக்க மாட்டே.

பூமி சுத்துறதையும் கணக்குல எடுக்கிறான்யா! தோட்டா வானத்துல இருக்கிறப்ப கீழ பூமி நகர்ந்துடுதாம். வடக்க இருக்கிற நாடுகள்ல சுட்டா தோட்டா வலப்பக்கம் ஒதுங்குறதாத் தெரியும். இதுல நமக்கு ஒரு சலுகை. மலாக்கா பூமத்திய ரேகைக்கு 2 டிகிரிதான் மேல. அதனால இங்க அந்த ஒதுக்கல் இருக்கிற இடமே தெரியாது. சலுகைன்னதும் வாயைப் பிளக்காதே, வேற பக்கம் வாங்கிக்கிறான். கிழக்கு மேற்குச் சங்கதி நம்ம ரேகையிலதான் முழுசா அடிக்கும். உம்பாய்ல நின்னு கிழக்க மெர்லிமாவ் பக்கம் சுட்டா 1,000 கெஜத்துல 10 சென்டிமீட்டர் வாக்குல மேல போகும். மேற்க கடலைப் பார்த்துச் சுட்டா அதே அளவு கீழ இறங்கும். அரசாங்கச் சலுகையை நாம எத்தனை பார்த்திருக்கோம்!

காட்டுப்பன்னி சுடலாம்னு வேற சொன்னியாம். இளம் செம்பனைக் குருத்தைப் பன்னி தோண்டித் தின்னுது, வாஸ்தவம்தான். அதுக்கு லைசென்ஸ் வாங்கினவங்க துப்பாக்கியோட கிட்டப் போயித்தான் சுடுறாங்க. நீ 7 கிலோமீட்டர்ல இருந்து சுட்டா என்னாகும் தெரியுமா? சத்தம் அந்தத் தூரத்துக்குப் போக ஏறக்குறைய 20, 21 விநாடி. தோட்டாவுக்கு 24 விநாடிக்கு மேல. அதாவது, வேட்டுச் சத்தம் முன்ன போயிடும், தோட்டா பின்ன வரும். பன்னி காதைத் தூக்கி, திரும்பிப் பார்த்து, "யாரோ நம்ம பேராண்டி போல"ன்னு முனகிட்டு, நாலு எட்டு நகர்ந்து நிக்கும். பன்னிக்குக் கடுதாசி போட்டுட்டுச் சுடுற முதல் ஆளு நீயாத்தான் இருப்பே.

சிரமமே இல்லாம மையத்துல அடிக்கணும்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு. 1860ல இங்கிலாந்துல துப்பாக்கிச் சங்கத்தோட முதல் போட்டி நடந்துச்சு, விம்பிள்டன்ல. அதைத் தொடங்கி வச்சது விக்டோரியா ராணி. விட்வொர்த்ங்கிற துப்பாக்கிக்காரரு 400 கெஜத்துக்கு முன்னாடியே குறிபார்த்து, துப்பாக்கியைச் சட்டத்துல இறுக்கி வச்சுட்டாரு. ராணியம்மா பட்டுக் கயித்தை இழுத்தாங்க. தோட்டா மையத்துக்கு ஒட்டினாப்புல விழுந்துச்சு. ஊரே கைதட்டுச்சு. குறி வச்சவன் ஒருத்தன், பேரு வாங்கினது இன்னொருத்தர். தோட்டத்துல இருட்டோட எழுந்து நிரை பிடிச்சுப் பால் வெட்டினவனுக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. நீ ராணியாப் பொறக்கல, என்ன பண்றது.

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. 1998 காமன்வெல்த் விளையாட்டுல சுடுற போட்டி எல்லாம் லங்காவியில வச்சாங்க. பெரிய ரைஃபிள் போட்டியில 1,000 கெஜம் வரைக்கும் உண்டு. அந்த ஆளுங்க எல்லாம் படுத்துக்கிட்டு, கொடி எப்படி ஆடுதுன்னு பார்த்துக்கிட்டு, குறிப்பேட்டுல எழுதிக்கிட்டே இருப்பாங்க. ஒவ்வொரு வெடிக்கும் காத்து என்ன, வெயில் என்ன, எங்க விழுந்துச்சுன்னு ஒரு வரி. நெடுந்தூரம் சுடுறவனோட உண்மையான சொத்து அந்த நோட்டுதான். நீ கடைசியா நோட்டுல எழுதினது எஸ்.பி.எம். பரீட்சையிலன்னு நினைக்கிறேன்.

இப்ப சட்டம். இதைக் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு, இங்க நான் விளையாடல. 1960 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கணும்னா போலீஸ் லைசென்ஸ் வேணும். காத்துத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்துல ஆயுதம்தான். இணையத்துல எவனோ விக்கிறான், பொட்டலமா வீட்டுக்கே வரும்னு மயங்காதே. 1971ல வந்த சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கையில இருந்தா 14 வருஷம் வரைக்கும் சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. அந்தப் பிரம்பு அடிக்கிறவனுக்குக் காத்துக் கணக்கு வேண்டாம், கானல் வேண்டாம், பூமி சுத்துற கணக்கும் வேண்டாம். தூரம் ஒரு எட்டுதான், தப்பவே தப்பாது. என்னை மாதிரி 50 தாண்டின கிழவனுக்குப் பிரம்படி கிடையாது. அதனால துப்பாக்கி ஆசை எனக்கு வந்தா ஒரு நியாயம் இருக்கு.

ஆசை நிஜம்னா 10 மீட்டர்ல ஆரம்பி. மூஞ்சியைச் சுளிக்காதே. 10 மீட்டர் காத்து ரைஃபிள் போட்டியில நடுப் புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனையால வச்ச பொட்டு. நின்னுக்கிட்டு 60 வெடி. நம்ம நாட்டு நூர் சுர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 10 மீட்டர்ல சுட்டப்ப வயித்துல எட்டு மாசப் பிள்ளை. அதே லண்டன்ல ஆம்பளைங்க 10 மீட்டர் போட்டியிலதான் சென்னையில பொறந்த ககன் நரங் வெண்கலம் வாங்கினாரு. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 2019ல ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில தங்கம் எடுத்துச்சு, அப்ப அந்தப் பொண்ணுக்கு 20 வயசு. இப்ப உனக்கு இருக்கிறதை விட நாலு வயசு குறைச்சல். அதுங்க யாரும் ரெண்டு மைலைப் பத்திப் பேசிக்கிட்டுத் திண்ணையில உட்காரல.

அதனால நான் சொல்ற யோசனை இதுதான். துப்பாக்கி வாங்குற பேச்சை இன்னியோட விடு. கிட்டத்துல சுடணும்னா சங்கத்துல சேரு. அவங்க துப்பாக்கியை அவங்க கண்ணு முன்னால, அவங்க களத்துல சுடு. தூரத்துல சுட்டே தீரணும்னா பட்டாளத்துக்கு மனு போடு, டெரண்டாக் ஒண்ணும் தூரமில்ல, மோட்டார்ல போயிடலாம். ரெண்டு இடத்துலயும் காலையில 6 மணிக்கு முன்ன எழுந்திருக்கச் சொல்லுவாங்க. நல்லா யோசிச்சு, நாளைக்கு மத்தியானம் நீ எந்திரிச்ச பிறகு வந்து பதில் சொல்லு.